ராத்திரிப் பல்வலி: எது விடியும் வரை பொறுக்கும், எது பொறுக்காது

பல்வலிக்கு மாத்திரை கேட்டு வருகிறவரிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: "ரெண்டு விரலை ஒண்ணு மேல ஒண்ணா வெச்சு வாய்க்குள்ள விட முடியுதான்னு பாருங்க." சிலர் முகம் சுளிப்பார்கள். வலியில் நிற்கிறவருக்கு எதிரில் இருப்பவர் கேள்வி கேட்டாலே எரிச்சல்தான், அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் விட மாட்டேன். எச்சில் விழுங்க முடிகிறதா, காய்ச்சல் அடித்ததா, சர்க்கரை இருக்கிறதா என்று அடுத்தடுத்துக் கேட்பேன். இத்தனைக்கும் பதில் வந்த பிறகுதான் எந்த அட்டையை எடுப்பது என்ற யோசனை. சில ராத்திரிகளில் எந்த அட்டையையும் எடுப்பதில்லை. "வண்டி எடுங்க, இப்பவே கிளம்புங்க" என்று சொல்லி அனுப்புகிறேன்.

சென்னிமலையில் நானும் வீட்டுக்காரரும் மருந்துக்கடை வைத்திருக்கிறோம். பார்மசி படித்தவள் நான்தான். கைத்தறிக்காரர்கள், விசைத்தறி ஓட்டுகிறவர்கள், சுற்றுவட்டாரத் தோட்டத்துக்காரர்கள், இவர்கள்தான் எங்கள் வாடிக்கை. பல் டாக்டர்கள் ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்குக் கிளினிக்கைப் பூட்டிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பாதிப் பேர் திறப்பதே இல்லை. அதற்குப் பிறகு பல்லைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு எங்கள் கடை கவுண்டர்தான் முதல் இடம். பல் டாக்டர் செய்கிற வேலையை என்னால் செய்ய முடியாது. யார் இந்த ராத்திரியே போக வேண்டும், யார் காலையில் போனால் போதும் என்று பிரித்துச் சொல்ல முடியும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன், எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக.

வலியை வைத்து ஆபத்தை அளக்காதீர்கள். உயிர் போகிற மாதிரி வலிக்கிற பல் பெரும்பாலும் காலை வரை பொறுக்கும். வலி குறைந்துவிட்டது, வீக்கம்தான் இருக்கிறது என்று சொல்கிறவருக்குத்தான் நேரம் இல்லை.

ஒரு மஞ்சள் சீசன். அரச்சலூர் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் வந்தார். எங்களுக்குப் பழக்கமானவர், மாமா என்றுதான் கூப்பிடுவோம். துண்டைத் தாடையோடு சேர்த்துத் தலையில் கட்டியிருந்தார்.

"நோவெல்லாம் முந்தாநாளே போயிருச்சு கண்ணு. இந்த வீக்கத்துக்குத்தான் எதாச்சும் குடு. மஞ்ச வேக வெச்சுட்டிருக்கறோம், ஆளுக காத்திட்டிருக்கறாங்க."

பேச்சு குழறியது. துண்டை அவிழ்க்கச் சொன்னேன். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் வீங்கி, கல் போலக் கெட்டியாக இருந்தது. வாயை ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்க முடியவில்லை. எச்சிலை விழுங்காமல் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். சர்க்கரைக்குப் பல வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறவர்.

"மாமா, மாத்திரையில ஆகற காரியமில்லீங்க இது. பெருந்துறைக்கு இப்பவே போகோணும்."

"காலைல போறனே கண்ணு."

"காலை வரைக்கும் மூச்சு விட வேண்டாமுங்களா?"

கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். மகனை போனில் கூப்பிட்டு, பெருந்துறை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் காரில் அனுப்பினோம். அன்று ராத்திரியே தாடைக்குக் கீழே கீறிச் சீழை எடுத்தார்கள். ஊசி வழியாக ஆன்டிபயாட்டிக், சர்க்கரைக்கு இன்சுலின், அப்புறம் அந்தக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். மஞ்சளை மண்டிக்குக் கொண்டுபோகிற சமயத்துக்குள் மனிதர் நல்லபடியாக வீடு திரும்பிவிட்டார்.

அவர் வாய்க்குள் நடந்தது என்ன என்று தெரிந்தால் பயம் ஏன் என்பது விளங்கும். பல்லுக்கு நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கிற கூழ் மாதிரியான ஒரு பகுதி உண்டு. சொத்தை அதைத் தொட்டதும் அது வீங்கும். சுற்றிலும் கெட்டியான பல் இருப்பதால் விரிய இடமில்லை, நரம்பு நசுங்குகிறது. தாங்க முடியாத வலி அந்தக் கட்டத்தில்தான். படுத்தால் தலைக்கு ரத்த ஓட்டம் கூடுவதால் ராத்திரியில் இன்னும் மோசமாகும். சில நாளில் அந்த நரம்பு செத்துப்போகும். வலி நின்றுவிடும். "அப்பாடா" என்று எல்லோரும் மறந்துவிடுகிற நேரம் இது. கிருமிகள் சாகவில்லை. வேரின் நுனி வழியாக வெளியே இறங்கி, தாடை எலும்பைத் தாண்டிச் சதைக்குள் போகின்றன.

கீழ்த்தாடையின் கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு இதில் தனி ஆபத்து இருக்கிறது. வாயின் அடித்தளமாக இருக்கிற தசை எலும்பில் ஒட்டியிருக்கும் இடத்துக்குக் கீழே வரை அவற்றின் வேர் இறங்கியிருக்கும். அதனால் சீழ் நேராகத் தாடைக்கு அடியில் இறங்கும், அங்கிருந்து நாக்குக்கு அடியிலும் இரண்டு பக்கமும் பரவும். நாக்கு மேலே தூக்கிக்கொண்டு மூச்சுக்குழாயை அடைக்கத் தொடங்கும். 1836-இல் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை விவரித்து எழுதினார், அவர் பெயரில்தான் இன்றும் இந்த நோய் வழங்குகிறது. ஆன்டிபயாட்டிக் இல்லாத காலத்தில் இது வந்தவர்களில் பாதிக்கு மேல் இறந்தார்கள். இன்றைக்கு, நேரத்தோடு போகிறவர்கள் பெரும்பாலும் பிழைத்துவிடுகிறார்கள். நேரத்தோடு என்பதுதான் முக்கியம்.

அதனால், தாடைக்கு அடியிலோ கழுத்திலோ வீக்கம், வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காதது, எச்சில் விழுங்க முடியாமல் வழிவது, குரல் மாறுவது, நாக்கு மேலே தூக்குவது, படுத்தால் மூச்சு முட்டுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் கிளினிக் எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவும் அறுவை சிகிச்சை வசதியும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூச்சில் சிரமம் இருந்தால் 108. போகும் வழியில் படுக்க வைக்காமல் உட்கார வைத்துக் கூட்டிப் போங்கள்.

மேல் பல்லில் வந்தால் வீக்கம் மேல்நோக்கிப் போகும். மூக்கின் ஓரம் வீங்கி, கண் இமை மூடிக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டால் அதுவும் அன்றைக்கே பார்க்க வேண்டியது. முகத்தின் அந்தப் பகுதி ரத்தநாளங்களுக்கு மூளைப் பக்கம் தொடர்பு இருக்கிறது. அபூர்வமாக நடப்பதுதான், நடந்தால் தாங்காது. பல்வலியோடு குளிர்க்காய்ச்சல் அடித்தாலும் அப்படித்தான். சர்க்கரை உள்ளவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறவர்கள், கிட்னி மாற்றியவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் ஆகியோருக்குச் சின்ன வீக்கத்தையும் நான் பெரிதாகத்தான் எடுத்துக்கொள்வேன். பல்லில் சீழ் இருந்தால் சர்க்கரை ஏறும், சர்க்கரை ஏறினால் சீழ் பரவும். ஒன்று இன்னொன்றைத் தூக்கிவிட்டுக்கொண்டே போகும்.

இனி, வலி அவ்வளவாக இல்லாத இன்னொரு அவசரம். அடிபட்டு முழுசாக விழுந்த பல்.

எங்கள் பக்கம் இது இரண்டு விதமாக வரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சைக்கிளிலிருந்து விழுந்தோ, கபடியில் முட்டிக்கொண்டோ வருவார்கள். தறிக்குடோனில் வேலை செய்கிறவர்கள் நாடா (தறியில் ஊடு நூலைக் கொண்டுபோகிற கட்டை) பறந்து வந்து வாயில் அடித்து வருவார்கள். ஓடுகிற விசைத்தறியிலிருந்து தெறிக்கிற நாடாவின் வேகம் பார்த்தவர்களுக்குத் தெரியும், உதடு கிழிந்து பல்லும் வந்துவிடும். அப்படி ஒரு பையனைக் கூட வேலை செய்கிற அண்ணன் ஒருவர் வண்டியில் உட்கார வைத்துக் கூட்டி வந்தார். பல்லைக் கழிவுப் பஞ்சில் சுற்றிச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருந்தார். ரத்தத்தை நிறுத்தவும் வலிக்குப் போடவும்தான் கேட்டார். பல்லைப் பற்றிக் கேட்கவே இல்லை, போனது போனதுதான் என்று நினைத்துவிட்டார்.

போகவில்லை. முழு வேரோடு வந்த நிலைத்த பல்லை, அதாவது பால் பல் விழுந்த பிறகு முளைத்த பல்லை, திரும்ப அதே குழியில் வைத்தால் ஒட்டும். வேரைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. அதன் செல்கள் உயிரோடு இருந்தால்தான் எலும்போடு சரியாகச் சேரும். வெளியே உலர்ந்து கிடந்தால் ஒரு மணி நேரத்துக்குள் அவை அனேகமாகச் செத்துப்போகும். முதல் கால் மணி நேரத்துக்குள் குழிக்குள் போய்விட்டால் அதைவிட நல்லது வேறில்லை. பிடுங்கிய நாற்றின் வேரை வெயிலில் காயவைத்துவிட்டு யாராவது நடுவார்களா? அப்படித்தான் இதுவும்.

எதிர் டீக்கடையில் ஃப்ரிஜ்ஜில் இருந்த பாக்கெட் பாலை ஒரு டம்ளரில் வாங்கி அதில் பல்லைப் போட்டேன். எங்கள் வீதிப் பல் டாக்டர் அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தார், போனில் சொன்னதும் நின்றார். குழியில் வைத்து, பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பி கட்டிவிட்டார். இரண்டு வாரம் அந்தக் கட்டு இருக்க வேண்டும், அதற்குள் வேர் சிகிச்சையும் தொடங்க வேண்டும் என்றார். பையன் இன்றைக்கும் அந்தப் பல்லோடுதான் இருக்கிறான்.

செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பல்லைத் தேடி எடுங்கள். வெள்ளையாகத் தெரிகிற தலைப்பகுதியை மட்டும் பிடியுங்கள், வேரைத் தொடக் கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சலைனிலோ மெதுவாக அலசுங்கள். இரண்டும் இல்லையென்றால் குழாய்த் தண்ணீரில் சில விநாடி காட்டினால் போதும். தேய்க்க வேண்டாம், சோப்பு, டெட்டால் எதுவும் வேண்டாம். பிள்ளை தெளிவாக இருந்து ஒத்துழைத்தால், முன்பக்கம் முன்னால் வருகிற மாதிரி குழிக்குள் வைத்து மெதுவாக அழுத்தி, சுத்தமான கைக்குட்டையை மடித்துக் கடிக்கச் சொல்லுங்கள். அதற்குத் தைரியம் வராவிட்டால் குளிர்ந்த பாலில் போட்டுக்கொண்டு ஓடுங்கள். பாலும் இல்லையென்றால் பல் விழுந்தவரையே ஒரு கிண்ணத்தில் எச்சில் துப்பச் சொல்லி அதில் போடலாம். வெறும் தண்ணீர் கடைசி வழிதான், செல்கள் அதில் வெடித்துவிடும். ஆனால் காகிதத்தில் சுற்றிக் காயவிடுவதைவிட அதுவே மேல்.

பொள்ளாச்சியில் இருக்கும் என் சித்தி பெண், இளநீர் ஆகாதா என்று கேட்டாள். தென்னந்தோப்புக்குள் இருக்கிறவளுக்கு அது நியாயமான கேள்வி. இளநீரை வைத்து ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள், முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, அதில் புளிப்புத்தன்மை இருக்கிறது. மாடு இல்லாத வீதி இல்லை நம் ஊரில், பாலையே தேடுங்கள். சூடான பால் கூடாது. மோர், தயிர் கூடவே கூடாது.

எங்கள் நங்கை வால்பாறையில் டீச்சர். அங்கே ஒரு பிள்ளைக்குப் பல் விழுந்தால், பொள்ளாச்சிக்கு இறங்க நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒரு மணி நேரம் மலையிலேயே போய்விடும். தாளவாடியிலிருந்து சத்தியமங்கலத்துக்கு திம்பம் வழியாக இருபத்தேழு வளைவு, அங்கேயும் அதே கதைதான். மலைமேல் இருக்கிற டீச்சர்களும் எஸ்டேட் கங்காணிகளும் பல்லை அந்த இடத்திலேயே திரும்ப வைக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். நங்கையிடம் சொன்னேன், அவர் பள்ளிக்கூடத்து முதலுதவிப் பெட்டியில் இப்போது சலைன் பாட்டிலும் மூடி போட்ட சின்ன டப்பாவும் இருக்கின்றன. மற்றப் பள்ளிகளும் வைத்தால் நன்றாக இருக்கும்.

பால் பல்லுக்கு இது எதுவும் பொருந்தாது. விழுந்த பால் பல்லைத் திரும்பக் குழிக்குள் வைக்கவே கூடாது, உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும் நிலைத்த பல்லுக்குச் சேதம் வரலாம். முன் பற்கள் பொதுவாக ஆறிலிருந்து எட்டு வயசுக்குள் மாறும். மூன்று, நான்கு வயசுக் குழந்தைக்கு விழுந்தால் பால் பல்தான். ஏழு, எட்டு வயசில் சந்தேகம் வரும். அப்போது பல்லைப் பாலில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய் அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள். நேரம் தாண்டிவிட்டாலும் பல்லைத் தூக்கிப் போடாதீர்கள், வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு குறையாமல் இருக்க அதையும் வைத்துப் பார்ப்பார்கள். விழுந்த பல் எங்கேயும் கிடைக்கவில்லை, பிள்ளை இருமிக்கொண்டே இருக்கிறது என்றால் பல் நுரையீரலுக்குள் போயிருக்கலாம், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். மயக்கமோ வாந்தியோ இருந்தால் பல்லை மறந்துவிட்டுத் தலையைப் பாருங்கள். மண்ணில் விழுந்த காயமென்றால் டிடி ஊசி எப்போது போட்டது என்று டாக்டர் கேட்பார்.

வண்டியிலிருந்து விழுந்து, பல் எல்லாம் இருந்தும் மேல் வரிசையும் கீழ் வரிசையும் முன்பு மாதிரி சேரவில்லை, கீழ் உதடு மரத்துப்போயிருக்கிறது என்றால் தாடை எலும்பு முறிந்திருக்கலாம். நேராக ஆஸ்பத்திரி.

சரி, காலை வரை பொறுக்கிற வலிக்கு வருவோம். வாய் நன்றாகத் திறக்கிறது, வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை, ஒரு பல் மட்டும் விண்ணென்று தெறிக்கிறது. இதற்குத்தான் எங்களிடம் மருந்து இருக்கிறது. பெரியவர்களுக்கு இபுபுரூஃபன் 400 மில்லிகிராம், சாப்பிட்ட பிறகு. அதோடு பாராசிட்டமால் 500 அல்லது 650. இரண்டும் வேறு வேறு வழியில் வேலை செய்வதால் சேர்த்துப் போடும்போது பல்வலிக்கு நன்றாகக் கேட்கும். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த வகை மருந்துகளைத்தான் முதலில் சொல்கிறது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். வயிற்றுப்புண், கிட்னிக் கோளாறு, இதயக் கோளாறு உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஆஸ்துமாவில் வலி மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள், கர்ப்பிணிகள் எல்லோரும் இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் பக்கம் போகாமல் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். டெங்கு சந்தேகம் இருக்கிற காய்ச்சலிலும் வேண்டாம்.

பாராசிட்டமால் பாதுகாப்பானதுதானே என்று ஒன்றன் மேல் ஒன்றாக விழுங்குவதும் கூடாது. கடையில் விற்கிற பல வலி மாத்திரைகளில் அது ஏற்கெனவே கலந்திருக்கிறது. எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டினால் ஈரலைத் தாக்கும். குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு அதற்கும் முன்னாலேயே. குழந்தைகளுக்கு எடையைப் பார்த்துத்தான் அளவு. பெரியவர்கள் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடாது. நிமெசுலைடு 12 வயதுக்குக் கீழே கொடுப்பது 2011-இலேயே நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது, ஆனாலும் வீட்டில் இருக்கும் பழைய அட்டையிலிருந்து கொடுக்கிறவர்களை இன்னும் பார்க்கிறேன்.

அப்புறம் ஆன்டிபயாட்டிக். "அமாக்ஸிசிலின் நாலு குடுங்க, போன தடவை அதுதான் கேட்டுச்சு" என்பார்கள். சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து அது, அட்டையிலேயே சிவப்புக் கோடு போட்டிருக்கும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், கொடுத்தாலும் பிரயோஜனம் இல்லை. வீக்கமில்லாத வெறும் நரம்பு வலியை ஆன்டிபயாட்டிக் குறைக்காது. நரம்பு செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டமே கிடையாது, மருந்து எப்படி உள்ளே போகும்? பல்லைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பிடுங்க வேண்டும். வீக்கமும் காய்ச்சலும் இருக்கிறவருக்கு டாக்டர் எழுதிக் கொடுப்பார், அங்கே அது உயிர் காக்கும். நாலு மாத்திரை வாங்கிப் போட்டு வீக்கத்தை அமுக்கிவிட்டு மாசம் முழுக்கத் தள்ளிப்போட்டவர்கள்தான் பிறகு தாடையைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். இதைப் பார்த்துப் பார்த்து மனசு வெறுத்துப்போகிறது, அதனால்தான் எத்தனை கோபப்பட்டாலும் கொடுப்பதில்லை.

வீட்டு வைத்தியத்தை நான் ஒதுக்கித் தள்ளுகிறவள் இல்லை. கிராம்பு எண்ணெய் ஒரு சொட்டைப் பஞ்சில் தொட்டுச் சொத்தைக் குழியில் மட்டும் வைத்தால் கொஞ்ச நேரம் மரக்கும், பல் டாக்டர்களே அதிலுள்ள யூஜெனாலைப் பயன்படுத்துகிறார்கள். ஈறில் வழிந்தால் புண்ணாகும். சின்னக் குழந்தைகள் விழுங்கினால் விஷம், எட்டாத இடத்தில் வையுங்கள். மிதமான சூட்டில் உப்புத் தண்ணீர் கொப்பளிப்பது ஞானப்பல் முளைக்கிற இடத்து ஈறு வீக்கத்துக்கு இதம். எங்கள் அம்மாயி தணலில் கண்டங்கத்திரி விதையைப் போட்டு வாயில் புகை பிடிக்கச் சொல்வார், பல் புழு விழும் என்று. அம்மாயியின் கைராசியில் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் பல்லைத் தின்பது கண்ணுக்குத் தெரியாத கிருமியும் அது விடுகிற அமிலமும்தான், புழு அல்ல. ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரம் அடக்குவது, சுண்ணாம்பு, புகையிலை, கற்பூரம் வைப்பது எல்லாம் வாய்த்தோலை வேக வைத்துவிடும். வீங்கிய கன்னத்துக்கு உப்பு வறுத்து ஒத்தடம் கொடுக்க வேண்டாம், சீழ் தோல் பக்கமாக வழி தேடக்கூடும். துணியில் சுற்றிய ஐஸை வெளியிலிருந்து பத்துப் பதினைந்து நிமிஷம் வைத்து எடுங்கள். தலையணையை இரண்டாகப் போட்டுப் படுங்கள், தெறிப்பு குறையும்.

தாடை வலி எல்லாமே பல்வலி ஆகிவிடாது. எந்தப் பல் என்று காட்டத் தெரியவில்லை, நடந்தால் கூடுகிறது, உட்கார்ந்தால் குறைகிறது, வியர்க்கிறது, நெஞ்சோ கையோ கனக்கிறது என்றால் அது மாரடைப்பாக இருக்கலாம். பெண்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் தாடையில் மட்டும் வருவதுண்டு. அப்போது 108 தவிர வேறெதையும் யோசிக்காதீர்கள்.

பல் பிடுங்கிய ராத்திரி ரத்தம் வருகிறது என்று பதறிக்கொண்டு வருவார்கள். எச்சிலில் இளஞ்சிவப்பாகத் தெரிவது முதல் நாள் சகஜம்தான். வாய் நிறைகிற மாதிரி வந்தால், சுத்தமான காஸ் துணியைச் சுருட்டிக் குழி மேல் வைத்து அரை மணி நேரம் அழுத்திக் கடிக்க வேண்டும். நடுநடுவே எடுத்துப் பார்க்கக் கூடாது, கொப்பளிக்கவும் துப்பவும் கூடாது. நனைத்த டீ பையைக் கடித்தாலும் அதிலுள்ள துவர்ப்பு உதவும். அதற்கும் நிற்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னும் சீக்கிரம் போக வேண்டும், ஆனால் அந்த மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. அன்றைக்குச் சாப்பாட்டுக்கு ஆறிய சந்தகையில் (இடியாப்பம் மாதிரி) பாலும் சர்க்கரையும் போட்டுக் கொடுங்கள், இல்லை அரிசிம்பருப்புச் சோற்றைக் குழைய விட்டு ஆற வைத்துக் கொடுங்கள். சூடு வேண்டாம், ஸ்ட்ரா போட்டு உறிஞ்ச வேண்டாம், பீடி சிகரெட் தொடவே வேண்டாம். இரண்டு மூன்று நாள் கழித்துக் காது வரைக்கும் இழுக்கிற புது வலி வந்தால் குழியில் ரத்தக்கட்டி கரைந்துபோயிருக்கும். அதற்கு டாக்டர் மருந்து வைத்துவிடுவார், காலையில் போகலாம்.

கேப் கழன்றது, அடைத்த சிமெண்ட் விழுந்தது, கரும்பைக் கடித்து ஓரம் உடைந்தது, இவையெல்லாம் காத்திருக்கும். கழன்ற கேப்பைக் கழுவி ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். ஃபெவிக்விக் வைத்து ஒட்டிக்கொண்டு வந்தவரைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வாய்ப்புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால், வலியே இல்லாவிட்டாலும், முக்கியமாகப் பாக்கும் புகையிலையும் போடுகிறவர்கள், அந்த வாரமே காட்டுங்கள். அது ராத்திரி அவசரம் இல்லை, ஆனால் மாசக்கணக்கில் விடக் கூடாதது.

எங்கே போவது என்று கேட்பார்கள். பகலில் தாலுகா அரசு ஆஸ்பத்திரிகளில் பல் பிரிவு இருக்கிறது. செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்களுக்குக் கோயம்புத்தூர், திருச்செங்கோடு, குமாரபாளையம் பக்கம் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, தனியார் கிளினிக்கைவிட அங்கே கட்டணம் குறைவு. ராத்திரியில் பல் டாக்டர் இல்லாவிட்டாலும் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் சீழுக்கும் மூச்சுக்கும் முறிவுக்கும் பார்ப்பார்கள். கிளம்பும்போது தினமும் சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பல்வலிக்கு அன்றைக்கு என்ன போட்டீர்கள், எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதையும் ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இதய வால்வு மாற்றியிருந்தால் பல்லில் கை வைப்பதற்கு முன்னாலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் கொடுத்துத்தான் பல்லைப் பிடுங்குவார்கள்.